ஒரே வாரத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே முடியுங்கள்

ஆஸ்திரேலிய மத்திய சுகாதார அமைச்சருக்கும், உறுப்பு மாற்று அதிகாரிகளுக்கும், வட பிரதேச, தென் ஆஸ்திரேலிய சுகாதாரத் துறைகளுக்கும்,

வணக்கம்.

பூர்வகுடி மக்களின் சிறுநீரக நோய் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பது பற்றிய அறிக்கை 2019-லேயே உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. தேசியப் பணிக்குழுவும் அதே ஆண்டில் அமைந்தது. டயாலிசிஸில் இருக்கும் பூர்வகுடி நோயாளியின் பெயர் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஏறுவது மற்றவர்களைவிட மிகக் குறைவு என்பதை நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. எனவே நேரே கோரிக்கைக்கு வருகிறோம். பட்டியலில் சேர்ப்பதற்கான பரிசோதனைகளை வட பிரதேசத்தின் பாலைவன நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே, ஒரே வாரத்தில் முடித்துக் கொடுங்கள்.

ஒரே வாரம் என்று ஏன் அடம்பிடிக்கிறோம்? வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலைந்து மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நாட்களில்தான் எல்லாம் நடக்க வேண்டும். ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், மார்பு எக்ஸ்ரே, எக்கோ எனும் இதய ஸ்கேன், இதய அழுத்தச் சோதனை, இடுப்பு ரத்தக்குழாய் ஸ்கேன், ஹெபடைடிஸ் பி, காசநோய், புற்றுநோய்ச் சோதனைகள். பாலைவன ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இருந்தால் ஐவர்மெக்டின் கொடுத்து முன்கூட்டியே ஒழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுவைக்குப் பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டில் அது பல்கிப் பெருகி உயிரையே எடுத்துவிடும்.

கடைசியாகப் பல். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கிவிட்டால் ஒரு சொத்தைப்பல்கூட ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் பல் மருத்துவரின் சம்மதம் தேவை. நியாயம்தான். ஆனால் அரசுப் பல் மருத்துவரிடம் முறை வருவதற்குள் இதயச் சோதனை பழசாகிச் செல்லாமல் போய்விடுகிறது. அதை மறுபடி எடுத்து முடிப்பதற்குள் ஸ்கேன் பழசாகிவிடுகிறது. பல்லுக்கும் இதயத்துக்கும் ஜாதகம் பார்த்து முகூர்த்தம் குறிப்பதுபோல இருக்கிறது. எல்லாம் ஒன்றுகூடி வராமலே ஆண்டுகள் ஓடுகின்றன. இதற்கிடையே, தன் பெயர் பட்டியலில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும் நோயாளிகளும் உண்டு. ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை அவர்களுக்கு யாரும் அவர்களின் தாய்மொழியான வார்ல்பிரியிலோ லுரிச்சாவிலோ பிட்ஜன்ஜாராவிலோ விளக்கியிருக்க மாட்டார்கள்.

டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காத்திருப்புக் காலத்தைக் கணக்கிடுகிறோமே என்பீர்கள். உண்மை. பட்டியலில் பெயரே ஏறாதவர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இன்னொரு விதியும் இருக்கிறது. அறுவைக்குப் பின் ஐந்தாண்டு உயிரோடிருக்க 80 சதவீத வாய்ப்பாவது இருக்க வேண்டும். கிடைக்கும் சிறுநீரகங்கள் குறைவு என்பதால் ஏதோ ஒரு வரம்பு வேண்டும்தான். ஆனால் மெஷினில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயமும் ரத்தக்குழாயும் கெடுகின்றன. நாம் இழுத்தடித்த காலத்தில் உடம்பு நலிந்து போனவரிடம், 'உங்களுக்குத் தகுதியில்லை' என்று நாமே சொல்கிறோம். மாற்று அறுவைக்குப் பின் இவர்களுக்குத் தொற்று அதிகம், பலனும் குறைவு என்ற வாதம் தெரிந்ததே. அந்தப் பலனை மற்ற நோயாளிகளின் பலனோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. இவர்களே டயாலிசிஸில் தொடர்ந்தால் என்ன ஆவார்கள் என்பதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோயாளியின் 'ஒத்துழைப்புப் போதாது' என்று கோப்பில் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது கின்டோர். தங்கள் ஊரிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று அந்த மக்கள் ஓவியம் தீட்டி, 2000-ல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-ல் கின்டோரில் மெஷின் ஓடியது. தொலைதூர டயாலிசிஸுக்கென்று அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கட்டணம் வந்ததோ 2018-ல். இழவு வீட்டுக்குப் போனதால் இரண்டு முறை மெஷினைத் தவறவிட்டவர் ஒத்துழைக்காதவர் என்றால், பதினான்கு ஆண்டு கழித்து வந்தவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? போகட்டும், கேட்க வந்தது அதுவல்ல.

அறுவை எப்படியும் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடிலெய்டில்தான். ஆஞ்சியோ தேவைப்பட்டால் அதற்கும் அங்கே போகட்டும். மற்றதெல்லாம் இங்கேயே முடியட்டும். பல் மருத்துவர், இதய மருத்துவர், மாற்று அறுவைக் குழு மூவரும் வரும் வாரத்தை ஒன்றாக்கி, மொழிபெயர்ப்பாளரை முன்பதிவு செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நோயாளியின் கூடவே நடக்கும் பூர்வகுடி வழிகாட்டிகளுக்கு நிரந்தரப் பணியிடம் கொடுங்கள். திட்டப் பணம் தீர்ந்ததும் வேலையிழக்கும் நிலையில் அவர்களை வைக்காதீர்கள். அறுவை முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அவர்கள் வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டபின் எடுத்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கிவிடும்.

தயவுகூர்ந்து அந்த முதல் வாரத்துக்கு ஒரு தேதி குறித்துச் சொல்லுங்கள். எங்களுக்கு நீங்கள் ஆங்கிலத்திலேயே பதில் எழுதலாம். நோயாளிக்கு மட்டும் அப்படி எழுதிவிட்டுச் சொல்லியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவுகளில் பணியாற்றும் தமிழர்கள் சிலர்