பேயை விடுங்கள், ஏர்த்தைப் பாருங்கள்

மலையக நகரங்களில் பொது மண்டபங்களை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கு,

டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த ரொக் இசைக்கு மண்டபம் கேட்டு எழுதிய விண்ணப்பம் "சாத்தான் பாட்டு" என்ற பேச்சோடு திரும்பி வருகிறது. நாங்கள் வாசிப்பது 1970ஐ ஒட்டிப் பிறந்த மாந்திரீக ரொக்கின் வழி. இங்கிலாந்தின் அங்கிள் அசிட் அன்ட் த டெட்பீட்ஸ் குழுவினர் இன்றும் அதே தடத்தில்தான் போகிறார்கள். இந்த இசைக்கு முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் பெயரே 1963இல் வந்த பேய்ப்படத்தின் பெயர். அவர்களுடைய முதல் இசைத்தட்டின் முதல் பாட்டில் பயங்காட்டுவது மூன்றே சுரங்கள்: ச, மேல் ச, பிறகு பிரதி மத்திமம். ஐரோப்பியர் சாத்தானோடு முடிச்சுப் போட்ட அந்த மத்திமம் நம் 72 மேளகர்த்தா ராகங்களில் பாதிக்குச் சொந்தம், கல்யாணி உட்பட. காமன் கூத்தில் எமன் வேடம் கட்டி ஆடுகிறவரை யாரும் சந்தேகிப்பதில்லையே.

எங்களுக்குப் பயம் மண்டபத்துக் கரண்டில்தான். அம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) உள்ள கண்ணாடி வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். 230 வரவேண்டிய லைனில் 200 வந்தால் அது 5.5க்கு இறங்கி, ஒலி சோர்ந்துவிடும். ஆகவே மேடைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் தாருங்கள். தேநீர்க் கேத்தல் அதில் வேண்டாம். இரைச்சல் போகட்டும் என்று ஏர்த் வயரைக் கழற்றிவிடும் சவுண்ட்காரரை மேடைப்பக்கமே விடாதீர்கள். பழுதான அம்ப் ஒன்று போதும், கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் வாயும் பட்டால் உயிர் போகும். அம்ப்களையும் மிக்ஸரையும் ஒரே இடத்துப் பிளக்கிலிருந்து எடுத்தாலே அந்த 'ங்ங்' பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது கூரை. கிட்டாரின் தடித்த கம்பியை E சுரத்திலிருந்து C சுரத்துக்கு, நான்கு அரைச்சுரம் இறக்குகிறோம்: 82 ஹேர்ட்ஸ் 65 ஆகிறது. 10ஆம் நம்பர் கம்பி செட் தொளதொளத்துப் போகும் என்பதால் இன்னும் தடித்த 12–56 செட் போடுகிறோம். பேஸ் கிட்டார் 33 ஹேர்ட்ஸுக்குப் போகும்போது தளர்ந்த தகரம் சேர்ந்து பாடத் தொடங்கும். சத்தத்தைக் குறைத்தாலும் அது முழுதாக நிற்காது. பேஸ்காரர் ஒவ்வொரு சுரமாக இழுத்து வாசிக்கட்டும். கீழே ஒருவர் நின்று எந்தத் தகடு நடுங்குகிறது என்று பார்த்து, அதன் ஆணியை இறுக்கினால் போதும்.

நுவரெலியாப் பனியில் விறைத்த அம்ப்பை வந்ததும் போடக்கூடாது, உள்ளே ஈரம் படிந்திருக்கும். ஒரு மணித்தியாலமாவது மண்டபத்துச் சூட்டுக்கு வரவிட வேண்டும். தப்புப் பறையைத் தீயில் காய்ச்சி எடுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே 7 மணி நிகழ்ச்சிக்குப் பகல் 2 மணிக்கே கதவைத் திறந்து தாருங்கள். இரவு 9.30க்கு முடித்துவிடுவோம். ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதியை விண்ணப்பத்தோடு இணைக்கிறோம்.

இப்படிக்கு,
மலைநாட்டில் டூம் வாசிக்கிறவர்கள்