மூலிகைக் குறிப்போடு அளவையும் எச்சரிக்கையையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களில் நானும் ஒருத்தி. மனச்சோர்வையும் தூக்கமின்மையையும் உணவாலும் மூலிகையாலும் போக்கிக்கொள்ளலாம் என்று அப்பக்கத்திலும் கைப்பேசிகளிலும் அடிக்கடி வரும் குறிப்புகளைப் பற்றி, அரசு மருத்துவமனை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அக்குறிப்புகள் வரவே கூடாது என்பதல்ல என் கருத்து. எவ்வளவு சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்ற இரண்டு செய்திகளும் இல்லாமல் எந்த மூலிகைக் குறிப்பும் இனி அச்சேறக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

முதலில் நம் கடலூர் மாவட்டத்துப் பொருளையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கைப்பிடி முந்திரிப் பருப்பு, மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் ஒரு மாத்திரைக்குச் சமம் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பண்ருட்டி முந்திரிக்குப் பெருமை சேர்ப்பதுபோல் இருப்பதால் நம் பக்கத்தில் அதை நம்பிப் பிறருக்கும் அனுப்பி வைக்கிறார்கள். முந்திரியில் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் இருப்பதும், அதைக் கொண்டே உடல் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினையும், அதன் வழியாகத் தூக்கத்துக்கு வேண்டிய மெலட்டோனினையும் உண்டாக்கிக்கொள்வதும் உண்மை. ஆனால் அதே பருப்பில் உள்ள மற்ற அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் நுழைய முண்டுகின்றன. அந்த நெரிசலில் டிரிப்டோபன் உள்ளே போவது சொற்பம். மாத்திரை செய்யும் வேலையோ வேறு. அது செரட்டோனினைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. நரம்பு முனைகளில் ஏற்கெனவே சுரந்திருப்பது உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. முந்திரியை நல்ல உணவாக உண்ணலாம்; 2011-இல் தானே புயலில் தோப்புகளை இழந்து, மறுபடியும் கன்று வைத்து ஆளாக்கிய உழவர்களுக்கு அது நாம் செய்யும் கைம்மாறும் ஆகும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தரவே சில வாரங்கள் பிடிக்கும். அதைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரும். தூக்க மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லிப் படிப்படியாக நடக்க வேண்டிய காரியம்.

இதனால் உணவுக்கும் மனநிலைக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 67 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 12 வாரங்கள் காய்கறி, பழம், பருப்பு வகை, முழுத் தானியம், மீன் ஆகியவை நிறைந்த உணவுக்கு ஆலோசனையும், மற்றப் பிரிவினருக்குப் பேச்சுத்துணையும் தரப்பட்டன. உணவு மாற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோய் தணிந்து தேறினர். மற்றப் பிரிவில் 100-க்கு 8 பேரே தேறினர். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பெற்றுவந்த மருந்தையோ மனநல ஆலோசனையையோ விட்டுவிடவில்லை என்பதை இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அவர்கள் உண்ட உணவுக்கு நிகரானது நம் அடுப்பங்கரையில் இல்லாமலில்லை. கேழ்வரகும் கம்பும், முருங்கைக்கீரையும், கொண்டைக்கடலைச் சுண்டலும், கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் கரைக்கு வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் போதும். விருந்தினர் வந்தால் வஞ்சிரம், நமக்கென்றால் மத்தி என்று நாம் தாழ்வாகக் கருதும் அந்த மலிவான மீனில்தான் மூளைக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரிக்காமல், புளி கரைத்துக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவது நல்லது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் உடல் அசதியும் சிடுசிடுப்பும் வரும். படுத்த பிறகு காலை ஓரிடத்தில் வைக்க முடியாமல் அசைத்துக்கொண்டே இருக்கச் செய்யும் தொல்லையும் சிலருக்கு வரும். இத்தகைய பெண்ணுக்கு மனசு சரியில்லை என்று பெயர் சூட்டித் தூக்கப் பொடி வாங்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட்டால் பல வீடுகளில் காரணம் தெரிந்துவிடும். சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கூடும்.

காபியைச் சொல்லிவிட்டதால் இதையும் சேர்க்கிறேன். குடித்த காபியின் கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குக் கள்ளிச்சொட்டாய் ஃபில்டர் காபி குடித்தவர், இரவு பதினொரு மணிக்கு எந்தப் பொடியைப் பாலில் கலந்து குடித்தும் பயனில்லை. மாலைக் காபியை விடுவதற்குக் காசும் வேண்டாம், கடையும் வேண்டாம். நெய்வேலியிலும் சிப்காட்டிலும் இரவுப் பணி பார்ப்பவர்கள், பணியின் பிற்பாதியில் காபியைத் தவிர்த்து, வீட்டுக்கு வந்தவுடன் இருட்டறையில் படுப்பது பலன் தரும்.

இனி, அஸ்வகந்தா என்றும் சொல்லப்படும் அமுக்கராக் கிழங்கு. இதை நான் மதிக்கிறேன். சித்த மருத்துவத்தில் இக்கிழங்கைப் பாலில் பிட்டவியலாக, அதாவது பிட்டுப்போல் ஆவியில் அவித்துச் சுத்தி செய்து, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு முதலியவற்றோடு சேர்த்து அமுக்கராச் சூரணம் செய்யும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஐந்து ஆய்வுகளில் பங்கேற்ற 400 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கட்டுரை, இது தூக்கத்துக்குச் சிறிதளவே ஆயினும் மெய்யான பலன் தருவதாகக் கூறுகிறது. அதே கிழங்கால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் நம் நாட்டிலிருந்தே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன. டென்மார்க் அரசு 2023-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. கருவுற்ற பெண்களும், கல்லீரல் நோயுள்ளவர்களும், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இந்த ஒரு வரியைத்தான் குறிப்பு எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

நான் பணியில் இருந்தபோது, மாதந்தோறும் தைராய்டு மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மாவின் கை, சீட்டை நீட்டும்போது நடுங்குவதைக் கண்டேன். நெஞ்சு படபடவென்று அடிப்பதாகவும், இரவில் கண் மூடவில்லை என்றும் சொன்னார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதும் சுருக்குப்பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சாம்பல் கலந்த பழுப்புப் பொடி. அமுக்கராவின் நெடியும் ஜாதிக்காய் வாசமும் அடித்தன. என்ன பொடி என்றேன். “பேரெல்லாம் கேக்கல மேடம், தூக்கப் பொடின்னு சொன்னா குடுப்பாங்க” என்றார். காலையும் இரவும் ஒரு குழம்புக் கரண்டி! மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையின் அளவைச் சரிபார்த்தார். சில வாரங்களில் படபடப்பு அடங்கியது. அந்தப் பொட்டலத்தில் உண்மையில் என்னென்ன இருந்தன என்று சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. பெயரும் அளவும் தேதியும் எழுதாத பொட்டலத்தில் உள்ள கேடு இதுதான்.

ஜாதிக்காயைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்பு வேண்டும். கல்லில் இரண்டு சுற்று உரைத்து எடுக்கும் அளவுக்கும், முழுக்காயை இடித்துப் பாலில் கலக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடாகும். ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு காயளவு உள்ளே போனாலே குமட்டல், படபடப்பு, நாவறட்சி, மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது வரை நேரிடலாம். சர்ப்பகந்தா என்னும் மூலிகை இன்னும் வலியது. இரத்த அழுத்தத்துக்கு உலகமே பயன்படுத்திய ரெசர்பின் என்னும் மருந்து அதிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கும் என்ற அச்சம் எழுந்த மருந்தும் அதுவே. இணையத்தில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் வெளிநாட்டு மூலிகையை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைத்துவிடும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் பெட்டியில் தூக்கத்துக்கென்று கசகசா வைத்து அனுப்பும் தாய்மார்கள், அங்கு அது சிறைக்குக் கொண்டுபோகக்கூடிய தடைப்பொருள் என்பதை அறிய வேண்டும்.

இளஞ்சூட்டுப் பால், தலையணையருகே மருதாணிப் பூ, நம் கடலோர மணலில் விளையும் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் ஆகியவற்றால் யாருக்கும் கேடில்லை. அவை மருந்தாகின்றனவோ இல்லையோ, கைப்பேசியை வைத்துவிட்டு உடலும் மனமும் ஓய்வுக்குத் தயாராக ஒரு கால் மணி நேரத்தைத் தருகின்றன. ஆனால் மதுவைத் தூக்க மருந்தாகப் பேசுவதை எங்கு கேட்டாலும் மறுக்க வேண்டும். புதுச்சேரி எல்லையை ஒட்டி வாழும் நமக்கு அது எளிதில் கிடைக்கிறது. குடித்தவுடன் கண் சொக்குவது உண்மை. இரவின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைத்து, மறுநாள் மனத்தை மேலும் தாழ்த்துவதும் அதுதான்.

ஆகவே, மூலிகைக் குறிப்பை வெளியிடும்போது சித்த மருத்துவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பி, அளவையும் எச்சரிக்கையையும் அதே எழுத்தளவில் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனநோயையும் மூளைக் கோளாறுகளையும் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் விலக்கியிருக்கிறது. அத்தகைய வரி விளம்பரங்களைத் தங்கள் விளம்பரப் பிரிவு திருப்பி அனுப்ப வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் பொடி எடை போட்டுத் தரும்போது, அதில் சேர்ந்த சரக்குகளின் பெயரையும் நாளையும் பொட்டலத்தின் மேல் எழுதித் தருவதை தமிழ்நாடு, புதுச்சேரி அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் புட்டிகளின் மேல் அச்சிட முடிவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுத முடியாதா? அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்குமிடங்களில், நோயாளி இரண்டிலும் வாங்கும் மருந்துகளை ஒரே சீட்டில் பதியச் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போகலாம். வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போக வேண்டும். போக முடியாதவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நலவாழ்வுப் பக்கத்தின் அடியில் வாரந்தோறும் இந்த எண்ணை ஒரு கட்டத்துக்குள் இடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.