பட்டா பெறாதவர்களின் பெயர்களையும் பொறியுங்கள்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள நம் சிற்றூரின் சமூகக் கூடத்துக்கு முன்னால் முன்னோடிக் குடும்பங்களுக்காக நீங்கள் நிறுவியிருக்கும் நினைவுக் கல்லில், கைம்பெண் ஒருவரைத் தவிர வேறு பெண்ணின் பெயரே இல்லை. காரணம் கேட்டதற்கு, நிலப்பட்டா பெற்றவர்களின் பட்டியலையே பொறித்ததாக உங்கள் அலுவலகம் பதில் எழுதியது.

பட்டா யாருக்குக் கிடைத்தது என்பது நீங்கள் அறியாததல்ல. 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று 1872இல் வந்த சட்டம், 1876இல் திருத்தப்பட்ட பிறகு, குடும்பத் தலைவியாக இருந்தாலொழிய பெண்ணுக்கு இடமளிக்கவில்லை. ஆனால் நிலத்தைக் காத்தது யார்? விதைக்கும் எருதுக்கும் ரொக்கம் தேடிக் கணவர் ரயில் பாதை வேலைக்கோ மரம் வெட்டும் முகாமுக்கோ போய்விட, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய வீட்டில் பிள்ளைகளோடு குளிர்காலத்தைக் கழித்தவள் மனைவிதான். வெளியே மழை ஓய்ந்த பின்னும் அந்தக் கூரையிலிருந்து சேற்றுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ச் சொல்லப் பக்கத்தில் வீடு இராது. பட்டாவுக்கான வாக்குமூலப் படிவத்தில், குடும்பத்தில் யார் யார், அவர்கள் எப்போதிலிருந்து இந்நிலத்தில் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி உண்டு. அதற்கு, "மனைவியும் மூன்று பிள்ளைகளும்" என்பது போன்ற பதிலே போதுமானதாக இருந்தது. குடியிருப்புக்குச் சாட்சியாக அவள் தேவைப்பட்டாள், உரிமைக்குத் தேவைப்படவில்லை. கணவன் நிலத்தில் கைம்பெண்ணுக்கிருந்த பங்குரிமையையும் 1886இல் நீக்கினார்கள். மனைவியின் ஒப்புதலின்றி வீட்டு நிலத்தை விற்கக் கூடாது என்ற சட்டம் 1915இல்தான் நம் மாகாணத்துக்கு வந்தது.

பெயர்கள் கிடைக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1906, 1916ஆம் ஆண்டுகளின் புல்வெளி மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வீடுதோறும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைப் புரட்டி அந்தப் பெண்களின் பெயர்களைக் கல்லில் பொறியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. இடமில்லை என்ற பதிலையும் ஏற்பதற்கில்லை. நன்கொடை தந்த நிறுவனத்தின் சின்னத்துக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறதே! அதே கல், இந்த மண்ணை "ஆளற்ற வெற்றுநிலம்" என்றும் சொல்கிறது. ஆளே இல்லாத நிலத்துக்காக 1876இல் அரசு யாரோடு ஆறாம் ஒப்பந்தம் செய்துகொண்டதாம்? இந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் இதைப் படிக்க நேர்ந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று மன்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். இருக்கும் கல்லை உடைக்கச் சொல்லவில்லை. அதன் அருகிலேயே மற்றொரு கல் நாட்டி, பட்டா பெறாத பெண்களின் பெயர்களைப் பொறியுங்கள். "ஆளற்ற வெற்றுநிலம்" என்ற அந்த ஒற்றைத் தொடரையும் திருத்துங்கள். பெயர்களைத் திரட்டித் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதனை விவாதத்துக்கு எடுத்து, எங்களில் இருவர் பேச வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னோடிக் குடும்பமொன்றின் பேத்தி