வாட்ஸைப் பெருக்கினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு மின்செலவைக் கணக்கிடுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். வாட்ஸை மணிநேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும் என்று போட்டிருந்தீர்கள். பல்புக்கும் ஃபேனுக்கும் அது சரி. 75 வாட்ஸ் பழைய ஃபேன் முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். ஆனால் அதே கணக்கை ஃப்ரிட்ஜுக்குப் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும், ஏனென்றால் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. அயர்ன் பாக்ஸும் அப்படித்தான், சூடு ஏறியதும் தானே நின்றுவிடும்.

கீசர் விஷயத்தில் நேரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். 15 லிட்டரை 35 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும், கீசர் எத்தனை வாட்ஸாக இருந்தாலும். வாட்ஸ் கூடினால் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். ஆக, ராத்திரி முழுக்க ஓடிய அந்த ஃபேனும் காலையில் ஒரு டேங்க் வெந்நீரும் செலவில் ஒன்று! நாமோ ஃபேனை அணைக்கவில்லை என்றுதான் பிள்ளைகளிடம் சத்தம் போடுகிறோம்.

உங்கள் குறிப்பில் மீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் குறை. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் என்பது போல ஓர் எண் இருக்கும் (சிலவற்றில் 1600, 1000). ஒரு மினுக்கல்தான் ஒரு இம்பல்ஸ். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாதனத்தை ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 8 முறை என்றால் மணிக்கு 480, அதை 3200 ஆல் வகுத்தால் 0.15 யூனிட், அதாவது 150 வாட்ஸ். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு நிமிடம் போதாது, ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும். சரி, எல்லாவற்றையும் அணைத்தாயிற்று என்று நினைக்கும்போதும் மினுக்கினால்? செட்டாப் பாக்ஸ் மாதிரி ஏதோ ஒன்று ஸ்டாண்ட்பையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெறும் 10 வாட்ஸ் என்றாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 88 யூனிட்.

அப்புறம் ஸ்லாப் முறை, அதாவது யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் முறை, உள்ள இடங்களில் பில் தொகையை யூனிட்டால் வகுத்து வருகிற சராசரியை வைத்து எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டால் தப்பாகும். குறைக்கிற யூனிட் மேல் ஸ்லாபிலிருந்துதான் கழிகிறது, அந்த விலையில்தான் மிச்சமும். அடுத்த முறை குறிப்பு வெளியிடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்