சொட்டுக் கணக்கும் ஈரலும்: பிரித்தானியத் தமிழ் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழக நிர்வாகிகளுக்கும், பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டுப் பொறுப்பாளர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

கடந்த கோடையில் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றில் முதலுதவிப் பெட்டியோடு நின்றிருந்தேன். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில், ஒருவருடைய பையிலிருந்து வெளிவந்த சிறிய கபில நிறப் போத்தல் கைமாறிக் கைமாறி வரிசை முழுவதும் போனது. ஒவ்வொருவரும் சொட்டுக்குழாயை நிரப்பி நாக்கின் கீழ் பீச்சிக்கொண்டார்கள். அது சிபிடி எண்ணெய், அதாவது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும், போதை தராத கனபிடியோல். "மூலிகைதானே அண்ணா" என்று ஒரு தம்பி சொன்னான். ஒரு கணுக்காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன், ஏனெனில் அந்த உடை மாற்றும் அறைகளின் திறப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது.

அந்தப் போத்தலைப் பின்னர் வாங்கிப் பார்த்தேன். 10 மில்லிலீற்றர் எண்ணெயில் 1000 மில்லிகிராம் கனபிடியோல் என்று எழுதியிருந்தது. ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால், ஒரு சொட்டில் 5 மில்லிகிராம். பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2020இல் நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் என்று சொல்லியிருந்த மேல் எல்லையை, ஈரலுக்கும் தைரொயிட்டுக்கும் நேரக்கூடிய பாதிப்பைக் கருதி, 2023 ஒக்ரோபரில் 10 மில்லிகிராமாகக் குறைத்தது. அந்தப் போத்தலில் அது இரண்டே இரண்டு சொட்டு. எங்கள் பிள்ளைகள் பீச்சிக்கொண்டது அரை மில்லிலீற்றர் என்றாலும் 50 மில்லிகிராம். அதை மூன்று வேளை எடுப்பவர் 150 மில்லிகிராமும், வலி குறையவில்லை என்று இரட்டிப்பவர் 300 மில்லிகிராமும் எடுக்கிறார்.

300 என்ற எண்ணை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், உடல்நலம் உள்ள வளர்ந்தவர்களுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு 350 மில்லிகிராம், நான்கு கிழமைகள் கொடுத்தார்கள். கனபிடியோல் எடுத்த 151 பேரில் எட்டுப் பேருக்கு, ஈரல் பாதிக்கப்படும்போது குருதியில் கூடும் ஈரல் நொதியங்கள் இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கனபிடியோல் இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. எண்ணெயை நிறுத்தியதும் அளவுகள் இறங்கிவிட்டன என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் அங்கே கிரமமாகக் குருதி எடுத்துப் பார்த்தார்கள், அதனால் நிறுத்தினார்கள். எங்கள் மைதானத்தில் யார் பார்க்கிறார்கள்?

இதே கனபிடியோலைத்தான் கடுமையான வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். அதைத் தொடங்குமுன் ஈரல் பரிசோதனை செய்து, பிறகு முதலாம், மூன்றாம், ஆறாம் மாதங்களில் மீண்டும் பார்க்கச் சொல்கிறது அந்த மருந்தின் குறிப்பு. அங்கே அளவு பெரிது என்பது உண்மை. அதற்காக, கடைத்தட்டில் இருப்பது வேறு பொருளாகிவிடாது.

விளையாடுபவர்களிடம் இந்த விடயம் மேலும் சிக்கலாகிறது. நிர்வாகிகள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியது இதைத்தான். ஈரலின் நிலையை அறியப் பார்க்கும் இரண்டு நொதியங்களான ஏஎல்ரி, ஏஎஸ்ரி இரண்டும் தசைகளிலும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் ஒரு நாள் கடுமையாகப் பளு தூக்கினால், ஒரு கிழமை கழிந்தும் அவை உயர்ந்தே இருக்கலாம். நான் அறிந்த ஒரு வீரருக்கு, வேறொரு காரணத்துக்காக எடுத்த குருதியில் இவை கூடியிருந்தன. "முந்தின நாள் ஆட்டம் இருந்தது" என்று வைத்தியரிடம் சொன்ன அவர், எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. அதை அவர் ஒரு மருந்தாகவே நினைத்திருக்கவில்லை. அவருக்கு நொதியம் ஏறியதற்கு எண்ணெய்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். காரணத்தைப் பிரித்தறியும் வாய்ப்பே அன்று வைத்தியருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கவலை. பரிசோதனைக்கு முன் ஒரு கிழமையாவது கடும் பயிற்சியை நிறுத்தி, தசையிலிருந்து வரும் கிரியற்றின் கைனேஸையும் ஈரலைக் காட்டும் ஜிஜிரியையும் சேர்த்துப் பார்த்து, போத்தலையும் மேசையில் வைத்தால், வைத்தியரால் நிதானமாக முடிவெடுக்க முடியும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணிகளை நினைத்தால் என் கவலை இன்னும் கூடுகிறது. எங்களைப் போன்ற தென்னாசியரிடையே உடல் மெலிவாக இருந்தாலும் ஈரலில் கொழுப்புப் படிவது பரவலாகக் காணப்படுகிறது. அதன் மேல் ஆட்டம் முடிந்த பின் மது, மூட்டு வலிக்குப் பரசிட்டமோல், வேறு நோய்களுக்கான மாத்திரைகள். கனபிடியோல் ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்கள் சிலவற்றைத் தடுப்பதால், மற்ற மருந்துகள் உடலில் தேங்கவும் கூடும். வலிப்புக்கான வல்புரோவேற் எடுப்பவர்களுக்கு ஈரல் பாதிப்பின் ஆபத்து தெளிவாகவே அதிகம்.

"உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகமே அனுமதித்ததுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். 2018இலிருந்து கனபிடியோல் தடைப்பட்டியலில் இல்லை என்பது சரி. அது விளையாட்டின் நேர்மை பற்றிய தீர்மானம், ஈரலுக்கான நற்சான்றிதழ் அல்ல. கஞ்சாவின் மற்றக் கூறுகள் போட்டிக்காலத்தில் இன்னும் தடையில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 கனபிடியோல் பொருட்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவுகளில், 18இல் போதை தரும் ரிஎச்சி இருந்தது; மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே எழுதிய அளவும் உள்ளிருந்த அளவும் பொருந்தின. அப்படியானால் நான் மேலே போட்ட சொட்டுக் கணக்கையும் முழுதாக நம்ப முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சுற்றுப்போட்டிப் பரிசுப் பைகளில் இந்தப் போத்தல்களை வைக்காதீர்கள். அவற்றை விற்பவர்களின் அனுசரணையை ஏற்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டோர் அணிகளின் அருகில் அது வரவே கூடாது. பருவத் தொடக்கத்தில் நிரப்பும் பதிவுப் படிவத்தில், எடுக்கும் மருந்துகளுக்கான வரியின் கீழ் "எண்ணெய், துணைச்சத்து, மூலிகை" என்று இன்னொரு வரியைச் சேர்த்துவிடுங்கள். எடுப்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். வலியோடு விளையாடுகிறவர் தீர்வு தேடுவது இயல்பு. மஞ்சள் நிறக் கண், கடும் நிறச் சிறுநீர், காரணமில்லாத களைப்பு ஆகியவற்றைக் கண்டால் எண்ணெயை உடனே நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு அணித்தலைவருக்கும் சொல்லிவையுங்கள்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் தந்தால், ஒரு வெற்றுப் போத்தலும் சொட்டுக்குழாயும் கொண்டுவந்து, இரண்டு சொட்டு எவ்வளவு என்பதை நேரிலேயே காட்டுகிறேன்.

அன்புடன்,
எல்லைக்கோட்டருகே நிற்கும் முதலுதவியாளர் ஒருவர்