மீன் தின்றால் மறதி வராதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில், "மீனும் உழைப்புமாக வாழும் கடற்கரை மக்களை மறதி நோய் அண்டுவதில்லை, அவர்களுக்கு எடை கூடினால் அது வாயைக் கட்டாததால்தான்" என்று ஒரு வரி வந்திருந்தது. என் அப்பா காலத்திலிருந்து தங்கள் இதழ் வாங்குகிற வீடு இது. அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

என் அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுத்தவர். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு முங்கி, கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து வருவார். நகரை மீனோ சூடை மீனோ இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்கியதில்லை. இன்று அவருக்கு என்னைத் தெரியவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து பழைய துணியைக் கிழித்து விரலில் சுற்றுகிறார். "விடிஞ்சிருச்சு, வள்ளம் போயிரும்" என்கிறார். மீன் அவரைக் காப்பாற்றவில்லை ஐயா.

முங்கி முங்கிக் காது அடைத்து, நாற்பது வயதிலேயே அவருக்குப் பாதிதான் கேட்கும். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சுகரும் பிரஷரும் அப்புறம் வந்தன. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைச் சொன்னது தாங்கள் அறியாததல்ல. காது கேளாமை, படிப்பின்மை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, நடுவயது உடல் பருமன் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றார்கள். தங்கள் கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை.

அம்மாவுக்கு அந்த உடல் பருமன் எப்படி வந்தது? 1986-இல் மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். போகப் போகப் பாசி எடுக்கும் தீவுப் பக்கமே அண்டவிடவில்லை. அம்மாவின் உழைப்பு நின்றது, சாப்பாடு ரேஷன் அரிசிச் சோறு என்று ஆனது. நல்ல விலை போகிற மீனெல்லாம் கம்பெனிக்குப் போய்விடும். ஐம்பது வயதில் அம்மாவின் உடம்பு பெருத்தது இப்படித்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். இத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாட்டை இழந்தார்கள் என்று எந்த மனசோடு சொல்வது?

இன்னொன்றும் நடந்தது. மறதி வெளியே தெரிவதற்குச் சில வருஷம் முன்பிருந்தே அம்மா மெலிந்தார். பார்த்த டாக்டரும் "நல்லது, எடை இறங்கியிருக்கிறது" என்றார். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் ஒயிட்ஹால் ஆய்வு இதைத்தான் கண்டது. ஐம்பது வயதில் பருமனாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் ஆபத்து கூடுதல். ஆனால் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 8 ஆண்டு முன்பிருந்தே, நோய் வரப்போகிறவர்களின் எடை மற்றவர்களைவிட இறங்கிவிடுகிறது. அதனால் ஒருநாள் வந்து எடை போட்டுப் பார்ப்பவருக்கு மறதி உள்ளவர் ஒல்லியாகத்தான் தெரிவார், பருமனுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிடுவார். காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிய ஒரே ஆட்களை வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

எங்களை யார் பின்தொடர்ந்தார்கள்? எங்கள் ஊருக்கு ஒரு முகாம் வந்தது. காலை பத்து மணி, விசைப்படகுகள் கடலில் இருக்கும் நாள். ஆண்கள் இல்லை. பெண்கள் பாசிக்கும் நண்டுக் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். வீட்டில் கிடந்த வயசானவர்களையும் நோயாளிகளையும் எடை போட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதுவா எங்கள் ஊரின் கணக்கு? இடுப்பளவு எடுக்க டேப்கூட இல்லை. காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்கதேசக் கடற்கரையில் உப்பேறிய குடிநீரையும் கர்ப்பிணிகளின் ரத்தக்கொதிப்பையும் சேர்த்து வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே கரிக்கிற தண்ணீரைக் குடித்தே ஒரு தலைமுறை கிழடாகிவிட்டது. காசு கொடுத்து ஒரு குடம் வாங்கும் நிலை இன்னும் மாறவில்லை. அதைக் கேட்க ஆளில்லை, எங்கள் வாயைக் குறை சொல்ல மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். கடலோரத்தில் ஓரிரு ஊர்களை அங்கிருந்தே வருஷாவருஷம் தொடர்ந்து பார்க்க முடியாதா என்று தங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.

அது நடக்க நாளாகலாம். இப்போது கேட்பது இதுதான்: அந்த வரி தவறு என்று அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள், அந்த 14 காரணங்களையும் தமிழில் வரிசையாகப் போடுங்கள். முகாம் அறிவிப்புகளைத் தங்கள் இதழில்தான் பார்க்கிறோம். படகு கரையில் இருக்கும் நாளில், சாயங்காலத்தில் முகாம் வைக்கும்படி அறிவிப்பு கொடுக்க வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தங்கச்சிமடம்.