படத்துக்குக் கீழ ரெண்டு சொல்லு போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில வேற ஒரு சூரியனைச் சுத்துற கே2-18பி எண்ட கிரகத்தைப் பற்றி வந்த பக்கத்தை என்ர பெறாமகள் வெட்டி சயன்ஸ் கொப்பியில ஒட்டி வச்சிருக்கிறாள், நீலக் கடல், சிவப்புச் சூரியன், மேகம் எல்லாம் இருக்கு, மேல பெரிய எழுத்தில உயிர் இருக்காம் எண்டு. சித்தப்பா, இந்தப் போட்டோவை எந்த ரொக்கெட் போய் எடுத்தது எண்டு கேட்டாள். அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

அது ஆரோ கீறின படம் ஐயா. அந்தக் கிரகத்தை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் படம் பிடிக்கேல்ல. 124 ஒளியாண்டு தூரம், அதாவது வெளிச்சமே வந்து சேர 124 வருசம் எடுக்கும், இப்ப வந்து சேருற வெளிச்சம் அங்கயிருந்து வெளிக்கிடேக்க எங்கட மாங்குளத்தால யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடேல்ல, அது 1905 இலதான்.

அளந்து கண்டது வேற. 33 நாளுக்கு ஒருக்கா அது தன்ர சூரியனுக்கு முன்னால போகேக்க வெளிச்சம் ஆயிரத்தில மூண்டு பங்களவு குறையுது, பெற்றோமக்ஸ் லாம்புக்கு முன்னால பூச்சி பறந்த மாதிரி. அந்தக் குறைவை வச்சுத்தான் பூமியை விட 2.6 மடங்கு அகலம் எண்டு கணக்குப் பாத்தவை, எனக்கு இதுதான் பெரிய அதிசயம். 2023 இல ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலமா அதின்ர காத்தில மெதேனும் காபனீரொட்சைட்டும் இருக்கெண்டு சொன்னவை. கடல் இருக்கலாம் எண்டுறது ஒரு ஊகம், அங்க தரையே இல்லாமலும் இருக்கலாம்.

2025 சித்திரையில கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானி மதுசூதன் ஆக்கள் அங்க டைமெதில் சல்பைட் எண்ட வாயு மாதிரி ஒண்டு தெரியுது எண்டு சொன்னவை, எங்கட கடல்ல அதைக் கூடுதலா விடுறது மிதக்கிற சின்னஞ்சிறு உயிரியள், அதாலதான் இவ்வளவு சத்தம். ஆனா கண்டுபிடிப்பு எண்டு சொல்ல 5 சிக்மா வேணும் (தற்செயலா வந்த அளவில்லை எண்டதுக்கு எவ்வளவு உறுதி எண்டு காட்டுற கணக்கு அது), அவையள் சொன்னது 3 தான், அதே தரவைத் திருப்பிப் பாத்த வேற ஆக்கள் ஆதாரம் போதாது எண்டவை. உயிரே இல்லாத 67பி வால்வெள்ளியிலயும் அந்த வாயு இருந்திருக்கு.

சிறுபோகத்துக்கு யானைக்காவல் கொட்டில்ல இருக்கேக்க அவளுக்கு மகம் வெள்ளியைக் காட்டினன், அந்தச் சிங்க ராசிப் பக்கம்தான் இந்தக் கிரகமும் இருக்கு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. 33 நாள் ஒரு வருசமெண்டா எனக்கு அங்க எத்தினை வயசு எண்டு கேட்டு தானே பிரிச்சுப் பாத்தாள், பதினொரு வயசுப் பிள்ளைக்கு 121 வந்திட்டுது, அண்டிரவு நித்திரையே கொள்ளேல்ல.

படம் போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்ல. கீழ "கற்பனைப் படம்" எண்டு போடுங்கோ. பக்கத்தில அந்த வெளிச்சம் குறையிற கிராஃபையும் போட்டா பிள்ளையள் அதையும் வெட்டி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
மாங்குளம்.